வலி நின்ற பல்லை அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. சிறுவயதில் கையையும் காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். அதன் பிறகு பல் டாக்டர் பக்கமே போனதில்லை. போன மாதம் கீழ்க் கடைவாய்ப்பல் இரவெல்லாம் விண்விண் என்று தெறித்தது. மாத்திரை போட்டுச் சமாளித்தேன். இப்போது வலி சுத்தமாக இல்லை. போனால் ரூட் கேனால், கேப் என்று பெரிய தொகை சொல்வார்களோ என்ற பயம் வேறு. அப்படியே விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட்டுவிடாதீர்கள். இரவில் தானாகத் தெறித்த பல், சிகிச்சை எதுவும் இல்லாமல் அமைதியாகிவிட்டால் உள்ளே நரம்பு செத்திருக்க வாய்ப்பு அதிகம். பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ் இருக்கிறது. கிருமி அதுவரை போனால் கூழ் வீங்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அந்த அழுத்தம்தான் தெறிக்கிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாக வருவதால் இரவில் இன்னும் மோசம். கூழ் செத்ததும் வலி நின்றுவிடும், கிருமி நிற்காது. வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, பயம். ஒரு குழந்தையை அழுத்திப் பிடித்துப் பல் பிடுங்கியது தவறு. அந்தப் பயம் இத்தனை வருடம் நின்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உங்களைப் போல் வருகிறவர்களுக்கு முதல் நாள் சின்னக் கண்ணாடியால் பார்த்து, ஓர் எக்ஸ்ரே எடுப்பதோடு நிறுத்திக்கொள்வேன். அப்புறம் ஓர் ஒப்பந்தம்: இடது கையைத் தூக்கினால் நான் உடனே நிறுத்த வேண்டும். வலியே இல்லாதபோதும், நிஜமாகவே நிறுத்துகிறேனா என்று பார்க்கக் கையைத் தூக்குகிறவர்கள் உண்டு. தூக்கட்டும். நிறுத்துகிறேன் என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் தோள் தளர்கிறது.

மரத்துப்போகப் போடும் ஊசியைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஈறில் ஜெல் தடவி ஓரிரு நிமிடம் காத்திருந்து, மருந்தை மெதுவாகச் செலுத்தினால் குத்துவது குறைவாகவே தெரியும். அவசரமாகச் செலுத்துவதுதான் வலிக்கும். பெரும்பாலும் போடுவது லிடோகைன், 1940-களிலிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து. அதோடு அட்ரினலின் சேர்ந்திருந்தால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். மயக்கம் வரப்போகிறதோ என்று பதறிவிடாதீர்கள், தானாக அடங்கிவிடும். இதய நோய் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மரத்த பிறகும் அழுத்தம் தெரியும், வலி தெரியக் கூடாது. சீழ் பிடித்த இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், சொல்லுங்கள். கூடுதல் மருந்து போடலாம், வேறு இடத்தில் போடலாம், இன்னொரு நாளைக்குத் தள்ளியும் வைக்கலாம்.

செலவு விஷயத்தில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: பணம் ஒரு கவலை என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சத்தில் இதை மறைத்து, 'யோசித்துச் சொல்கிறேன்' என்று போய் வராமலே இருந்துவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது. பரிசோதனைக்குப் போனாலே சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டதாக ஆகாது. எது உடனே செய்ய வேண்டியது, எது காத்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரே பிரதியும் கேட்டு வாங்கினால் இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம். தவணையில் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். கட்டணம் பொதுவாகக் குறைவு, நேரம் அதிகம் பிடிக்கும்.

ரூட் கேனால், அதாவது கெட்ட கூழை எடுத்துச் சுத்தம் செய்து வேரை அடைப்பது என்றால், பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்பையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். கடைவாய்ப்பல் மெல்லும் பாரத்தைத் தாங்குவது. கேப் போடாமல் விட்டால் பிளந்துவிடக் கூடும், அதுவரை செலவழித்ததும் போய்விடும். அது கட்டுப்படியாகாது என்றால் பல்லை எடுத்துவிடுவதும் நியாயமான சிகிச்சைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இடைவெளியில் பக்கத்துப் பற்கள் சாயலாம், மேல்பல் கீழே இறங்கலாம். பின்னால் பாலமோ (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) இம்பிளாண்டோ (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்க நேர்ந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கும் செலவைத் தாண்டிவிடும். பறிகொடுப்பது கடைசிப் பல்லா, நடுவில் உள்ளதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

போகிற அன்றே மற்றப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நரம்பைத் தொடாத சொத்தையை ஒரே தடவையில் அடைத்துவிடலாம். இதே பல்லைத் தெறிப்பதற்கு முன் பார்த்திருந்தால் அநேகமாக அதோடு முடிந்திருக்கும்.

போன் செய்து நேரம் கேட்கும்போதே, 'எனக்குப் பயம் அதிகம், முதல் நாள் பார்க்க மட்டும் வருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். காலையில் முதல் ஆளாகப் போங்கள், காத்திருக்கும் நேரம் குறையும். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் சொன்னதைக் காதில் வாங்காமல் ஊசியை எடுக்கிற டாக்டராக இருந்தால், எழுந்து வந்து வேறு ஒருவரைப் பாருங்கள்.