பவளம் ஏன் பழுப்பாகிறது? ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) கேள்வி பதில்

கேள்வி: மூன்றடித் தொட்டி, சம்ப்பையும் (கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) சேர்த்து 160 லிட்டர் நீர். கடையில் ஊதாவாக இருந்த அக்ரோபோரா பவளம் இரண்டே மாதத்தில் தேங்காய் ஓடு மாதிரி ஆகிவிட்டது. நைட்ரேட் 30, பாஸ்பேட் 0.25 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). கேஎச் (நீரின் காரத்தன்மை) ஒரு நாள் 7, இன்னொரு நாள் 9. நிறம் கூட்டும் புட்டிகள் நான்கு வாங்கி வாரம் இருமுறை ஊற்றுகிறேன். ஐந்தாவதாக எதை வாங்கலாம்?
(தெம்பனிஸ் வாசகர்)

பதில்: எதையும் வாங்காதீர்கள். இருக்கிற நான்கையும் எடுத்து அலமாரியில் வையுங்கள்.

நீங்கள் பார்க்கும் பழுப்பு, பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் ஸூக்சாந்தெல்லே என்ற நுண்பாசியின் நிறம். நைட்ரேட், பாஸ்பேட் மிகுந்தாலோ வெளிச்சம் போதாமல் போனாலோ அந்தப் பாசி பெருகிவிடும். பவளம் தானே உண்டாக்கும் ஊதா, பச்சை நிறமிகள் அதற்கு அடியில் மறைந்துபோகும். புட்டிகளில் உள்ள இரும்பும் மாங்கனீசும் பாசிக்கும் உரம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் சத்தை மெல்ல இறக்குங்கள். வாரம் 10 விழுக்காடு நீர் மாற்றுங்கள். உறைந்த உணவை வலையில் போட்டு அலசிவிட்டுக் கொடுங்கள். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள் போடுவதென்றால், பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்குடன் தொடங்குங்கள். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் 0.25ஐ 0.03க்கு இழுத்தால் அக்ரோபோரா அடியிலிருந்து தோலுரிய ஆரம்பிக்கும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 போதும், அங்கே சேர ஆறு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

அடுத்தது கேஎச். இது 7க்கும் 9க்கும் ஊசலாடும் தொட்டியில் எந்தப் புட்டியும் வேலை செய்யாது. மூன்று நாள் எதையும் ஊற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். 8.4, 8.0, 7.6 என்று வந்தால் நாளுக்கு 0.4 செலவாகிறது. 100 லிட்டரில் கேஎச்சை 1 உயர்த்த ஆப்ப சோடா 3 கிராம் வேண்டும். உங்கள் 160 லிட்டருக்கு, 0.4க்கு, 1.9 கிராம். ஆர்ஓ நீர் ஒரு லிட்டரில் 60 கிராம் கரைத்துக்கொண்டால் அது 32 மில்லி. டோசிங் பம்ப்பில் (கரைசலை அளவாக, நேரத்துக்கு ஊற்றும் கருவி) நாளுக்கு எட்டு முறை, தடவைக்கு 4 மில்லி. பேரங்காடியில் வாங்கும்போது பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள். அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும்.

கேஎச் செலவாகும்போது கால்சியமும் கூடவே செலவாகும். கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 52.5 கிராமை இன்னொரு லிட்டர் நீரில் கரைத்தால் இரண்டும் சம வலு. அதுவும் நாளுக்கு 32 மில்லிதான். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த கால்சியம் குளோரைடு இரண்டே நாளில் கஞ்சியாகிவிடும். அதற்குப் பிறகு தராசில் நிறுத்தால் பாதி எடை தண்ணீர்தான். பொட்டலத்தைப் பிரித்த அன்றே முழுவதையும் கரைத்துவிடுங்கள். இரண்டு கரைசலுக்கும் நடுவே அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சேர்ந்து விழுந்தால் வெள்ளையாகப் பனி பொழிந்தது போலிருக்கும். உங்கள் கால்சியமும் காரமும் சுண்ணாம்பாகி வீணாவதுதான் அது.

தொட்டி குளிர்சாதனம் போட்டுக் கதவடைத்த அறையில் இருந்தால், மூச்சுக் காற்றின் கரியமில வாயு சேர்ந்து விடியற்காலையில் பிஎச் 7.9க்குக் கீழே போகலாம். அப்படியானால் அதே 60 கிராம் சோடாவைத் தட்டில் பரப்பி, கேக் சுடும் அவனில் 180 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்ட பிறகு கரையுங்கள். மில்லி கணக்கு மாறாது, பிஎச் மட்டும் ஏறும்.

விளக்கை உடனே கூட்டாதீர்கள். கேஎச் இரண்டு வாரம் ஆடாமல் நின்ற பிறகு, வாரம் 5 விழுக்காடாக ஏற்றுங்கள். அக்ரோபோரா உயரத்தில் பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 250 முதல் 300 வரை இருக்கலாம். நிறம் முதலில் வளரும் நுனியில் தெரியும், பிறகுதான் கீழே இறங்கும்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, தொட்டி பளிச்சென்று இருக்கிறது. பவளங்கள் வெளிறி, நுனிகள் வெந்தது போல் வெள்ளையாகின்றன. கேஎச் 10.
(பொங்கோல் வாசகர்)

பதில்: பட்டினி. சத்தில்லாத நீரில் கேஎச் 10 என்றால் பவளத்தின் எலும்புக்கூடு வேகமாக வளர்கிறது, திசு பின்தங்குகிறது. நுனி வெந்துபோவது அதனால்தான். கேஎச்சைச் சில நாள்களில் 7.5க்கு இறங்க விடுங்கள்.

பிறகு நைட்ரேட்டை நாளுக்கு 1 பிபிஎம் என்று 5 வரை ஏற்றுங்கள். பொட்டாசியம் நைட்ரேட், சோடியம் நைட்ரேட் தூள்கள் சிங்கப்பூரில் வெடிபொருள் மூலப்பொருள்களாகக் கட்டுப்படுத்தப்பட்டவை. இணையத்தில் வரவழைக்கப் பார்க்காதீர்கள். மீன் கடையில் விற்கும் ஆயத்தக் கரைசலே போதும். பாஸ்பேட் 0.03 முதல் 0.05. ஊற்றிய மறுநாள் மீண்டும் 0 காட்டினால் பதற வேண்டாம், முதல் சில வாரம் பாறை அதை உறிஞ்சும். உங்கள் மானி பாஸ்பரஸை பிபிபியில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும் வகையென்றால் 3.066ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுங்கள்: 10 என்றால் பாஸ்பேட் 0.03.

மணல்மேல் குமிழியோடு பழுப்பு நூல் போலச் சளி தெரிந்தால் அது டைனோவாக (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) இருக்கலாம். அதுவும் சத்தில்லாத நீரில்தான் தலைகாட்டும்.

கேள்வி: அயோடினும் பொட்டாசியமும் அவசியமா?
(ஈசூன் வாசகர்)

பதில்: உப்புத்தன்மை 35 உள்ள கடல்நீரில் பொட்டாசியம் சுமார் 400 பிபிஎம், அயோடின் சுமார் 0.06 பிபிஎம். வாரம் 10 விழுக்காடு நீர் மாற்றும் சிறிய தொட்டியில் இவை பெரிதாகக் குறைவதில்லை. ஐசிபி சோதனையில் (ஆய்வகத்தில் நீரின் தனிமங்களை அளப்பது) பொட்டாசியம் 370க்குக் கீழே வந்தால் ஊற்றுங்கள். அயோடின் விஷயத்தில் ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து. அளக்காமல் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: டோசிங் பம்ப் அமைப்பை மாற்றவில்லை. கேஎச் மட்டும் வாராவாரம் இறங்குகிறது.
(ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: பவளம் வளர்ந்து அதிகம் உண்ணலாம். ஆனால் முதலில் பம்ப்பைப் பாருங்கள். 10 மில்லி ஓடவிட்டு ஊசியில்லாத மருந்து சிரிஞ்சில் அளங்கள். 8.5 வந்தால் உள்ளே உருளையடியில் நசுங்கும் குழாய் தேய்ந்திருக்கிறது; மாற்றி, மறுபடி அளவு பிடியுங்கள். கரைசல் டப்பா மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா? இல்லையென்றால் உள்ளே வெற்றிடம் சேர்ந்து பம்ப் இழுக்கத் திணறும். சோடாக் குழாயின் முனை நீரைத் தொட்டால் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் தொங்கவிடுங்கள்.