மீனின் ரத்தச் சிவப்பணுவில் அயனிப் போக்குவரத்து: கேள்வி பதில்

சேலம், மேட்டூர், ஓமலூர் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு மீன் உடலியல் பேராசிரியர் ஒருவரின் பதில்கள்.

சேலம் மாணவி: சார், அட்ரினலின் சேர்த்தா ட்ரௌட் (குளிர்நீர் மீன்) சிவப்பணு ஏன் வீங்குது?

அட்ரினலின் சவ்விலுள்ள பீட்டா ஏற்பியில் ஒட்டியதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி கடத்தும் மூலக்கூறு ஏறும்மா. உடனே சோடியம்-புரோட்டான் மாற்றி முடுக்கம் பெறும்: ஒரு சோடியம் உள்ளே, ஒரு புரோட்டான் வெளியே. உள்ளே பிஎச் ஏறி பைகார்பனேட் சேரும். அது பேண்ட் 3 என்ற சவ்வுப் புரதம் வழியாக வெளியேற, ஈடாகக் குளோரைடு உள்ளே வரும். சோடியமும் குளோரைடும் கூடினால் தண்ணீரும் பின்னாலேயே நுழையும். 3 சோடியத்தைத் தள்ளி 2 பொட்டாசியத்தை எடுக்கும் பம்பு வேலை செய்தாலும் வரத்துக்கு ஈடுகொடுக்காது. மீனுக்கு லாபம் என்னவென்றால், ரத்தம் அமிலமானால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் கைவிடும், அதுதான் ரூட் விளைவு; அணுவுக்குள் பிஎச் உயர்ந்திருப்பதால் அப்படிக் கைவிடாது. சாதா கெண்டையில் இந்த அட்ரினலின் விளைவு ஆக்சிஜன் குறையும்போதுதான் நன்றாகத் தெரியும்.

மேட்டூர்: கெண்டை ரத்தத்துல ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் கன அளவுப் பங்கு) மீனுக்கு மீன் மாறுது.

துரத்திப் பிடித்த மீனா? துரத்தினால் அட்ரினலின் ஏறும், அந்த ரத்தத்தை நம்பாதீர்கள். ஹீமோகுளோபினையும் அளந்து ஹெமட்டோக்ரிட்டால் வகுங்கள். விகிதம் குறைந்தால் அணுக்கள் வீங்கியிருக்கின்றன. விகிதம் மாறாமல் இரண்டும் ஏறியிருந்தால் மண்ணீரல் அணுக்களைக் கொட்டியிருக்கிறது.

ஓமலூர் பண்ணையாளர்: மீன் ரத்தம் பழுப்பா இருக்கு, உப்பு போடலாமா?

நைட்ரைட்டை அளந்தீர்களா? அது செவுளில் குளோரைடு நுழையும் வழியாகவே நுழைந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்காத, பழுப்பு நிற மெட்ஹீமோகுளோபினாக்கும். குளோரைடு அதிகமிருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. லிட்டருக்கு 1 மி.கி. நைட்ரைட்டுக்கு 10 மி.கி. குளோரைடு வேண்டும். 10 லட்சம் லிட்டர் குளத்துக்கு அது சுமார் 16.5 கிலோ உப்பு. தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் குளோரைடைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பண்ணையாளர்: உப்பு எவ்வளவு சார்?

மேலே இருக்கிறது.

ஆய்வு மாணவர்: வெளியே போன புரோட்டான் பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகி மறுபடி உள்ளேதானே வரும்? அப்ப இதெல்லாம் வீண் செலவு.

வரும், ஆனால் மெதுவாக. அதை வேகப்படுத்தும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்சைம் அணுவுக்குள் இருக்கிறது, பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) இல்லை. புரோட்டான் வெளியேற்றம் அந்தத் திரும்பி வருதலை முந்திவிடுவதால்தான் உள்ளே பிஎச் உயர்ந்தே நிற்கிறது. குழாயில் அந்த என்சைமைச் சேர்த்துப் பாருங்கள், பிஎச் வித்தியாசம் மறைந்துவிடும்.

அவரே: அப்ப நாலு அணு உடைஞ்சாலே என்சைம் கசிஞ்சு சோதனை கெட்டுடுமே?

கெடும்! நல்ல கேள்வி தம்பி. பிளாஸ்மா லேசாகச் சிவந்திருந்தாலும் அந்த மாதிரியைக் கொட்டிவிடுங்கள். ஊசியை வேகமாக இழுக்காதீர்கள், அணுக்களைப் பிரிக்கும் மையவிலக்கியை மெதுவாகச் சுழற்றுங்கள். அணுக்களை உப்புக்கரைசலில் மூன்று முறை கழுவி, 4 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். மீனின் சொந்த அட்ரினலினும் அதில் அடங்கிவிடும். துரத்திப் பிடித்த மீனுக்கு இது இன்னும் அவசியம்.

ஆத்தூர்: ரத்தத்தை ஈடிடிஏ (ரத்தம் உறையாம தடுக்கிற வேதிப்பொருள்) குழாயில எடுக்கலாமா?

வேண்டாம். அதன் பொட்டாசியம் உப்பு உங்கள் பொட்டாசியம் கணக்கைக் கெடுக்கும், கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறைவைத் தடுக்க லித்தியம் ஹெப்பாரின் வாங்குங்கள். சோடியம் அளக்கப்போகிறவர் சோடியம் ஹெப்பாரினைத் தொடவே கூடாது.