அமெரிக்காக்காரன் கடிகார முள்ளை தள்ளுறான், நம்ம ஆபீஸ் கேப் ஏன் சீக்கிரம் வருது? கேளுங்க, சொல்றேன்

ராயபுரத்துல இருந்து 14 வருஷமா யூஎஸ் ஷிஃப்ட் போறேன், அதனால கோடைக்காக கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெக்கிற இந்த டேலைட் சேவிங் (சம்மர் டைம்னும் சொல்வாங்க) கூத்து நமக்கு அத்துப்படி.

தண்டையார்பேட்டை தம்பி: அண்ணா, மார்ச்ல ஷிஃப்ட் ஏன் மாறுது?

மார்ச் ரெண்டாவது ஞாயிறு அங்க ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவான் தம்பி. நியூயார்க்ல காலைல 9 மணின்னா நமக்கு நைட் 7.30, அது 6.30 ஆயிடும். நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி. லண்டன்காரன் மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் அசைய மாட்டான், ரெண்டு கிளையண்டும் ஒரே மீட்டிங்ல இருந்தா அந்த ரெண்டு மூணு வாரம் செத்தோம்.

வியாசர்பாடி அக்கா: அந்த ஊரு ஜனத்துக்கே இது புடிக்குதாப்பா?

மாத்துறது நிறைய பேருக்கு புடிக்கலக்கா, ஆனா எந்த டைம்லயே நிறுத்திக்கிறதுன்னு கேட்டா அங்கதான் சண்டை. ஐரோப்பிய யூனியன் 2018ல கருத்து கேட்டப்போ 46 லட்சம் பேர் பதில் போட்டாங்க, 84 சதவீதம் பேர் மாத்துறதை நிறுத்துங்கன்னாங்க, ஆனா அதுல பாதிக்கு மேல ஜெர்மனிக்காரங்க, அதனால ஐரோப்பா முழுக்க அதே நெனப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். 2019ல அவங்க பார்லிமென்ட் நிறுத்தலாம்னு ஓட்டு போட்டும் நாடுங்க ஒத்து வரல, இன்னும் மாத்திக்கினுதான் கீறாங்க. அமெரிக்கா கதை இதைவிட காமெடி, 1974 ஜனவரில வருஷம் பூரா சம்மர் டைம்தான்னு வெச்சாங்க, மொதல்ல ஜனம் கை தட்டுச்சு, அப்புறம் புள்ளைங்க கும்மிருட்டுல ஸ்கூலுக்கு போறதை பாத்துட்டு ஐயோ வேணாம்னுச்சு, அந்த வருஷ அக்டோபர்லயே வாபஸ். இதெல்லாம் மறந்துட்டு 2022ல செனட் திரும்ப அதையே பாஸ் பண்ணுச்சு, கீழ்சபைல அப்படியே படுத்துடுச்சு.

காசிமேடு நண்பர்: விவசாயிங்களுக்காகத்தான் கொண்டாந்தாங்களாமே தல?

சும்மா கத. 1916ல ஜெர்மனி போர் நேரத்துல, சாயங்கால வெளிச்சத்தை வெச்சு விளக்கு எரியறதை கொறச்சு நிலக்கரி மிச்சம் பண்ண ஆரம்பிச்சது. அமெரிக்கால விவசாயிங்க எதிர்க்கத்தான் செஞ்சாங்க, மாடு இன்னா வாட்ச் கட்டிக்கினா பால் குடுக்குது?

பெரம்பூர் சார்: நம்ம ஊருக்கு வந்தா?

ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இங்கயும் ஒரு மணி நேரம் தள்ளி வெச்சிருந்தாங்க சார். ஆனா லண்டன்ல கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் கிட்டத்தட்ட 9 மணி நேரம் வித்தியாசம், நமக்கு ஒன்றரை மணி நேரம்தான், இதுல தள்ளி இன்னா மிச்சமாவும் சொல்லுங்க.

தண்டையார்பேட்டை தம்பி: போன்ல எதாவது மாத்தணுமா அண்ணா?

ஒண்ணும் வேணாம், உன் போன் நம்ம டைம்தான் காட்டும். அந்த வாரம் கேப் டிரைவர் நம்பரை மட்டும் சேவ் பண்ணி வெச்சுக்கோ.