அப்பாவோட இழைப்புளியும் ஒரு கிட்டாரும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல, சனி ஞாயிறு பட்டறை வகுப்புல சேர்ந்து நானே ஒரு கிட்டார் செஞ்சேன்னு நாலே வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நெனக்கல. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

சார், கோர்ஸ் ஃபீஸ் பாத்து தலை சுத்திடுச்சு. அந்த காசுல கடைல ரெண்டு நல்ல கிட்டார் வாங்கலாம். நாமளே செஞ்சா மலிவா முடியும்னுல்ல நெனச்சேன்? – சோழிங்கநல்லூர் வாசகர்

மலிவுக்குன்னா போகவே போகாதீங்க, நேரா மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலுக்கு போங்க, 1842ல ஆரம்பிச்ச கடை, உங்கள மாதிரி எத்தனையோ பேர பாத்திருப்பாங்க. ஃபேக்டரில ஒரே அளவுல கழுத்து கழுத்தா மெஷின் வெட்டித் தள்ளுது, நீங்க ஒரே ஒரு கழுத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து சுரண்டுவீங்க, அப்புறம் எப்படி மலிவாகும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு கேட்டுக்கோங்க: மரம், ட்யூனிங் கீ, ஃப்ரெட் கம்பி (கழுத்துல குறுக்க பதிக்கிற கம்பி) எல்லாம் ஃபீஸ்ல சேர்ந்ததா, பக்கப் பலகைய நீங்களே வளைக்கப் போறீங்களா இல்ல வளைச்சதையே கைல குடுத்து ஒட்டச் சொல்வாங்களா. ரெண்டாவதுன்னா அது செய்யுறது இல்ல, கோக்குறது. அப்புறம் சுவத்துல ஈரப்பதம் காட்டுற மீட்டர் இருக்கான்னு பாருங்க. ஏன்னு கீழ சொல்றேன், அதுல எனக்கு ஒரு சோகக் கதை இருக்கு.

அண்ணே, எங்க அப்பா ஆசாரி, முப்பது வருஷ தொழில். கிட்டார் செய்ய கத்துக்க காசு கட்டப் போறேன்னு சொன்னா சிரிக்கிறார். "ஒரு பொட்டி, அதுல ஒரு கம்பு, ரெண்டு நாள்ல நானே செஞ்சு தரேன்டா"ங்கிறார். அவர் சொல்றது சரியா? – பெரம்பூர் வாசகர்

தம்பி, பாதி சரி. என் வகுப்புல உளி தீட்டவே எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு, உங்க அப்பா பாத்திருந்தா இன்னும் சிரிச்சிருப்பார். கழுத்தையும் உடம்பையும் சேர்க்குற ஜாயிண்ட், இழைப்புளி ஓட்டுறது, கடைசில அரக்க ஸ்பிரிட்ல கரைச்சு துணி உருண்டைல தேய்க்குற பிரெஞ்ச் பாலிஷ், இதெல்லாம் அவருக்கு தண்ணி பட்ட பாடு.

இடிக்கிறது எங்கன்னா அளவுல. அவர் கணக்கு நூல் கணக்கு இல்லையா, இஞ்சுக்கு எட்டு நூல். கிட்டாரோட மேல் பலகையே ஒரு நூலுக்கும் கம்மி, 3 மில்லிமீட்டர் கூட இருக்காது, பக்கப் பலகை 2 மில்லிமீட்டர் வாக்குல. அந்த மேல் பலகை மேலதான் ஆறு ஸ்டீல் கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல இழுக்குது. கதவு செய்யுற ஆளுக்கு உடனே என்ன தோணும், ரெண்டு நூல் போடுவோம், உறுதியா இருக்கட்டும்னு தோணும். உறுதியாத்தான் இருக்கும், சத்தம்தான் வராது. உடையக் கூடாது, ஆனா உடையுற நிலைக்கு பக்கத்துல இருக்கணும், அதுக்காகத்தான் உள்பக்கம் மெல்லிசா குச்சி குச்சியா சட்டம் ஒட்டி, தட்டித் தட்டி கேட்டு, கொஞ்சம் கொஞ்சமா சீவுறது. எவ்ளோ சீவணும்னு வாத்தியார் வாயால சொல்ல மாட்டார், தட்டிக் காட்டுவார், நமக்கு மொத ரெண்டு வாரம் எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்கும்.

அடுத்தது ஃப்ரெட். வீணைல மெட்ட மெழுகுல பதிக்கிறாங்க, தப்பா போச்சுன்னா மெழுக இளக்கி காதால கேட்டு நகத்திக்கலாம். கிட்டார்ல கழுத்து மேல இருக்குற பலகைய அறுத்து ஃப்ரெட் கம்பிய அடிச்சு இறக்குறோம், இறக்கினா இறக்கினதுதான். கணக்கு ஒண்ணு இருக்கு: மீட்டுற கம்பியோட நீளம் 650 மில்லிமீட்டர்னா அத 17.817ஆல வகுத்தா 36.48, மேல நட்டுல (கழுத்து முடியுற இடத்துல கம்பி உக்காருற சின்ன கட்டை) இருந்து அவ்ளோ தள்ளி மொத ஃப்ரெட். மிச்சம் இருக்குற நீளத்த திரும்ப அதே எண்ணால வகுத்தா ரெண்டாவது, இப்படியே போய் பன்னெண்டாவது சரியா பாதில, 325ல வந்து நிக்கும். இதுல அப்பாகிட்ட முன்னாடியே ஒண்ணு சொல்லிடுங்க, ஒரு ஃப்ரெட்ல இருந்து அடுத்த ஃப்ரெட்டுன்னு அளந்துட்டே போகக் கூடாது, தப்பு கூடிட்டே போகும், எல்லாத்தையும் நட்டுல இருந்தே அளக்கணும்.

இப்ப என் சோகக் கதை. எந்த பட்டறைன்னு கேக்காதீங்க. தகரக் கொட்டகை, ஐப்பசி மழை ஊத்திட்டு இருக்கு, அன்னைக்குத்தான் என் கிட்டாரோட முதுகுப் பலகைல குறுக்குச் சட்டம் ஒட்டினோம், ஒண்ணும் ஆகாதுன்னாங்க, நானும் நம்பிட்டேன். மாசி மாசம் ஏசி ரூம்ல வச்சிருந்தேன், ஒரு நாள் ராத்திரி டக்குனு ஒரு சத்தம், காலைல பாத்தா முதுகுல நேர்கோடா ஒரு விரிசல். மரம் காஞ்சா அகலத்துல சுருங்கும், நீளத்துல சுருங்காது, குறுக்க ஒட்டின சட்டம் விட்டுக் குடுக்காது, அப்ப பலகைதான கிழியணும். காஞ்ச நிலைல ஒட்டியிருந்தா பின்னாடி ஈரத்துல கொஞ்சம் உப்பியிருக்கும், அவ்ளோதான். அதனாலதான் இந்த வேலை செய்யுற இடத்துல காத்தோட ஈரப்பதம் 40, 50 சதவீதத்துக்குள்ள வச்சிக்கிறாங்க. நம்ம சென்னைல மழைக்காலத்துல அது சர்வ சாதாரணமா 80ஐ தாண்டுது. உங்க அப்பா கதவு மழைல இறுகும்னு தெரிஞ்சு இடைவெளி விட்டு செய்வார் இல்லையா, அதே அறிவுதான், இங்க இடைவெளி விட முடியாது, ரூமத்தான் காய வைக்கணும்.

முடிஞ்சா அப்பாவையும் ஒரு நாள் வகுப்புக்கு கூட்டிட்டுப் போங்க. பலகைய நனைச்சு சூடான இரும்புக் குழாய்ல வச்சு வளைக்கிற நாளா பாத்து போங்க, எனக்கு மொத பலகை படக்குனு ரெண்டா போச்சு, அவர் கைல போகாதுன்னு நெனக்கிறேன்.

தாத்தா வீட்ட இடிச்சப்ப எடுத்து வச்ச பழைய தேக்கு கதவு இருக்கு. அதுல கிட்டார் செய்யலாமா? – அடையாறு வாசகர்

முதுகுக்கும் பக்கத்துக்கும் செய்யலாம். மேல் பலகைக்கு வேணாம், அதுக்கு லேசாவும் இருக்கணும் விறைப்பாவும் இருக்கணும், அதான் அலாஸ்கா, கனடா பக்கத்து சிட்கா ஸ்ப்ரூஸ் மாதிரி மரத்த தேடிப் போறாங்க. ஸ்பெயின்ல அந்தோனியோ தெ தோரெஸ்னு ஒருத்தர், 1862ல முதுகையும் பக்கத்தையும் காகித அட்டைலயே செஞ்சு, மேல் பலகை மட்டும் நல்ல மரமா போட்டு ஒரு கிட்டார் செஞ்சார், சத்தம் எங்க இருந்து வருதுன்னு காட்டுறதுக்காக. அட்டைக்கே அப்படின்னா தாத்தா கதவு தாராளம். தேக்குல எண்ணெய் உண்டு, அதனால இழைச்ச கையோட ஒட்டிடணும், ஆறப் போட்டா பிடிக்காது. உள்ள பழைய ஆணி இருக்கான்னு பாத்துட்டு அறுங்க.

வீட்ல ஈட்டி மரத்துல பழைய பெஞ்சு கிஞ்சு இருந்தா அதுதான் புதையல். உலகம் பூரா கிட்டார்காரங்க இந்தியன் ரோஸ்வுட்னு கொண்டாடுறது நம்ம ஈட்டியத்தான். 2017ல இருந்து அந்த மரத்துக்கு சர்வதேச வியாபாரத்துல கெடுபிடி, செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு மட்டும் 2019 கடைசில தளர்த்தினாங்க.

பொண்ணு பத்தாவது முடிச்சிருக்கா, கிட்டார் கிரேடு எக்ஸாமுக்கு படிக்கிறா. லீவுல இந்த வகுப்புக்கு போகணுங்கிறா, மெஷின் எல்லாம் இருக்குமே, பயமா இருக்கு. – நங்கநல்லூர் அம்மா

ராட்டர் (மரத்த குடையுற மெஷின்), பேண்ட்ஸா (மெஷின் ரம்பம்) ரெண்டையும் வாத்தியார்தான் ஓட்டணும்னு சொல்லி அனுப்புங்கம்மா, மத்ததெல்லாம் கை வேலைதான். மெஷினவிட எனக்கு பயம் தூசில, ஈட்டித் தூள் சிலருக்கு அரிப்பு, தும்மல் எல்லாம் கொண்டு வரும், நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க. எக்ஸாம் தேதியையும் பாத்துக்கோங்க, நகத்தால மீட்டுற கிளாசிக்கல்னா உப்புத்தாள் தேய்ச்சு தேய்ச்சு நகமே இருக்காது.

மே மாசம் செஞ்சு முடிச்ச கிட்டார், அப்ப வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. இப்ப மழை ஆரம்பிச்சதும் கம்பி மேல தூக்கிடுச்சு, அழுத்தினா விரல் வலிக்குது. சேடில (பிரிட்ஜ் மேல கம்பி உக்காருற சின்ன கட்டைய) தேய்ச்சு இறக்கிடவா? – வேளச்சேரி வாசகர்

தேய்க்காதீங்க! மேல் பலகை ஈரம் குடிச்சு உப்பியிருக்கு, அது மேல ஒட்டின பிரிட்ஜும் (கம்பிய மாட்டுற கட்டை) கூடவே ஏறியிருக்கு, இப்ப தேய்ச்சீங்கன்னா மாசில பலகை இறங்கினதும் கம்பி ஃப்ரெட்ல உரசி கிர்ருங்கும், அப்புறம் புது சேடில்தான் போடணும். கேஸ்ல வச்சு மூடி உள்ள சிலிகா ஜெல் போட்டு வைங்க, ஒரு வாரம் பத்து நாள்ல தானா இறங்கும், வெயில்ல மட்டும் காய வைக்காதீங்க. ஜெல் கலர் மாறிடுச்சுன்னா ஒரு பழைய வாணலில லேசா சூடு பண்ணுங்க, பழைய கலர் வந்துடும். அந்த வாணலிய திரும்ப சமையலுக்கு எடுக்கக் கூடாது, அத முன்னாடியே வீட்ல சொல்லிட்டு எடுங்க, நான் சொல்லாம எடுத்தேன்.