புள்ளியும் கலோரியும் ஒன்றா? – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவில் எடிசனில் இருக்கும் என் அக்கா வெயிட் வாட்சர்ஸ் என்கிற எடை குறைப்புத் திட்டத்தில் காசு கட்டிச் சேர்ந்து, சாப்பிடும் எல்லாவற்றையும் ஃபோனில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை புள்ளி என்று பார்க்கிறாள். கலோரி எண்ணினாலும் இதே கணக்குதானே? இதற்குப் போய் ஏன் காசு?

– ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

இதே கணக்கு இல்லை. கலோரி உணவின் ஆற்றலை அளப்பதோடு சரி. புள்ளி, இதை எடு அதை வை என்று நம்மை ஒரு பக்கமாகத் தள்ளும். ஒவ்வொரு உணவுக்கும் இத்தனை புள்ளி, ஒரு நாளைக்கு மொத்தம் இத்தனை புள்ளிக்குள் சாப்பிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஆரம்பத்தில் அதுவும் அப்படித் தள்ளவில்லை. 1997-இல் அமெரிக்காவில் வந்த முதல் கணக்கில் 50 கலோரிக்கு 1 புள்ளி, 12 கிராம் கொழுப்புக்கு இன்னொன்று, நார்ச்சத்து இருந்தால் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். போட்டுப் பாருங்கள், ஒரு வாழைப்பழமும் 100 கலோரி பிஸ்கட் பாக்கெட்டும் ஏறக்குறைய 2 புள்ளிதான். நாலு மணிப் பசியில் இரண்டுக்கும் ஒரே விலை என்றால் கை பிஸ்கட்டுக்குத்தான் போகும். 2010 கடைசியில் பழத்துக்கும் பெரும்பாலான காய்கறிகளுக்கும் 0 போட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தில் ஆகப் பெரிய விஷயம் இதுதான், ஏனென்றால் எதையும் தடை செய்யவில்லை, கேக் சாப்பிடலாம், ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த புள்ளி அதில் கரையும், பழத்துக்கு ஒன்றும் கரையாது. பழத்தையே ஜூஸாகக் குடித்தால் புள்ளி உண்டு, அதுவும் நியாயம்தான், ஒரு பெரிய டம்ளரில் மூன்று ஆரஞ்சு நொடியில் இறங்கிவிடும்.

அப்புறம் 2015 கடைசியில் சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் (நெய், வெண்ணெயில் அதிகம் இருப்பது) புள்ளியை ஏற்றும், புரதம் இறக்கும் என்று மாற்றினார்கள். 2017-இல் முட்டை, மீன், பருப்பு, பயறு எல்லாம் 0 ஆயின. நம் சமையலுக்கு இது ரொம்பத் தோது. சுண்டலில் தாளிக்கிற எண்ணெயைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

பலன் உண்டா என்றால், உண்டு. பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியாவில் 772 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்தது: ஒரு வருடத்தில் இந்தத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் சராசரியாக 5 கிலோ குறைந்தார்கள், வழக்கமான மருத்துவ ஆலோசனை பெற்றவர்கள் 2 கிலோ சொச்சம். இதை முழுக்கப் புள்ளியின் கணக்கில் எழுதிவிட முடியாது, வாராவாரம் கூடி எடை பார்க்கும் வழக்கமும் திட்டத்தில் இருந்தது. அக்கா கொடுக்கும் காசில் பாதி அந்தத் துணைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எண்ணி எண்ணி, சாப்பாட்டைப் பார்த்தாலே அக்காவுக்குப் பயமோ குற்ற உணர்வோ வர ஆரம்பித்தால், உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.