ஆனதோத்தில் ஒரு நிலம்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் ஒரு கிராமச் சபையில் மாதம் ஒரு ஞாயிறு செய்தி கொடுக்கிறேன். பிழைப்புக்கு வேறு வேலை. இறையியல் கல்லூரிப் பக்கம் போனதில்லை. எங்கள் சபையில் ஒரு அம்மா, புதுவருட ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. கர்த்தர் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிற வசனம். அடுத்த வாரம் நானும் அதே வசனத்தை வைத்துத்தான் பேசினேன். "இந்த ஆண்டு எந்தத் தீமையும் உங்களைத் தொடாது" என்று சொன்னேன். ஜூலையில் அவருடைய ஒரே மகன் பைக் விபத்தில் இறந்துபோனான். துக்க வீட்டு ஜெபம் முடிந்து கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்த நினைவுகள் எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஆறுதல் வசனத்தை எடுத்தாலும் அவர் முகம்தான் வருகிறது. போதாததற்கு, பெரிய கூட்டங்களில் பேசுகிறவர்களைப் போல என் செய்தியில் வல்லமை இல்லை என்று சபையிலேயே சிலர் சொல்கிறார்கள். பொய் சொல்லாமல் பிரசங்கிக்க, வேதத்தில் நம்பிக்கையையும் தேவ வல்லமையையும் எங்கே தேடுவது? ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் என் முறை வருகிறது. மறுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

அந்த அம்மா கேட்டதை அவிசுவாசம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவர் கையிலிருந்த அட்டை எந்தப் புத்தகத்திலிருந்து அச்சானதோ, அதே புத்தகத்தில் அதே கேள்வியும் இருக்கிறது. எரேமியா 15-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். என் நோவு ஏன் ஓயவில்லை, என் காயம் ஏன் ஆறவில்லை, நம்பிப் போகும்போது வற்றிப்போகிற ஊற்றைப்போல நீர் எனக்கு இருப்பீரோ என்று தீர்க்கதரிசி கர்த்தரிடமே கேட்கிறார். இப்படிக் கேட்ட மனிதரின் மூலமாகத்தான் 29:11 வந்தது.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதுகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். அதாவது, சீக்கிரம் திரும்பி வரப்போவதில்லை. 10-ஆம் வசனம் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது: எழுபது வருஷம். அதற்கு அடுத்த வரிதான் அட்டையில் அச்சான வரி. அந்தக் கடிதத்தை நாற்பது வயதில் வாசித்தவர், தான் ஊர் திரும்பப் போவதில்லை என்பதையும் அதே மூச்சில் வாசித்தார். தன்னோடு முடியாத ஒரு ஜனத்தின் கதையைக் கர்த்தர் கைவிட மாட்டார் என்பதுதான் அவருக்குக் கிடைத்த நம்பிக்கை.

அவர்கள் சொன்னபடியே செய்தும் இருக்கிறார்கள். பாபிலோனில் குடியேறிய யூதர்களைப் பற்றிய களிமண் பலகைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. யூதாவின் பெயரையே வைத்துக்கொண்ட ஓர் ஊர் அந்நிய மண்ணில் இருந்ததையும், அதன் மக்கள் விவசாயம் செய்து, வரி கட்டி, கடன் வாங்கிக் கொடுத்து வாழ்ந்ததையும் அவற்றில் பார்க்கிறோம்.

"இந்த ஆண்டு எந்தத் தீமையும் தொடாது" என்ற வாக்கியம் 29-இல் இல்லை. ஆனால் அதற்கு நெருக்கமான ஒன்று முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. அதைச் சொன்னவன் அனனியா. கிபியோன் ஊர்க்காரன், அவனும் தீர்க்கதரிசி என்றே அறியப்பட்டவன். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொன்னான். பின்னால், பாபிலோனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போட்டான். அவன் சொன்னதைக் கேட்டபோது எரேமியா அவனோடு சண்டை பிடிக்கவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். எனக்கு எரேமியாவை மிகவும் பிடித்த இடம் இது. அனனியா சொன்னது நடக்க வேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை. ஜனங்களுடைய ஆசை எதுவோ அதுவேதான் அவருடையதும். ஆனால் தன் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தை என்று சொல்ல அவர் துணியவில்லை. நுகம் உடைந்தபின் அவரிடம் பதில்கூட இல்லை. தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை அப்புறம்தான் அவருக்கு வந்தது.

அன்றைக்கு ஆலயத்தில் நின்றவர்களிடம் யார் செய்தியில் வல்லமை இருந்தது என்று கேட்டிருந்தால், அனனியாவைத்தான் கைகாட்டியிருப்பார்கள். உங்கள் சபையார் சொல்வதைக் கேட்டு வருந்தும்போது இதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இப்போது 32-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். நீங்கள் தேடுகிற இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது இங்கேதான் என்பது என் எண்ணம்.

யூதாவின் ராஜா சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. சுற்றியுள்ள கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் லாகீசும் அசெக்காவும்தான் மிஞ்சியிருந்தன என்று 34-ஆம் அதிகாரம் சொல்கிறது. 1935-இல் லாகீஸின் கோட்டை வாசலில் தோண்டியபோது, மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. ஒன்றில், லாகீஸின் தீ அடையாளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்கா எங்களுக்குத் தெரியவில்லை என்று ஒரு வீரன் தன் அதிகாரிக்கு எழுதியிருக்கிறான். அந்த நாட்களின் பயம் அப்படியே அந்த ஓட்டில் இருக்கிறது.

நகரத்துக்குள் பஞ்சம். எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உனக்குத்தான் இருக்கிறது என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமம். முற்றுகை நடக்கும்போது அந்தப் பக்கமெல்லாம் யார் கையில் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எரேமியாவுக்கு அது சொந்த ஊர்தான். ஆனால், தீர்க்கதரிசனம் சொன்னால் உன்னைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டியவர்களும் அந்த ஊர்க்காரர்களே (11:21). அதோடு, கல்யாணம் பண்ணக்கூடாது, பிள்ளை பெறக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை (16:2). எதிரி பிடித்து வைத்திருக்கிற நிலத்தை, தன்னைக் கொல்லப் பார்த்த ஊரில், வாரிசே இல்லாத ஒரு கைதி விலைக்கு வாங்குகிறார்.

எப்படி வாங்குகிறார் என்பதை வேதம் பரபரப்பே இல்லாமல் சொல்கிறது. பதினேழு சேக்கல் வெள்ளி. நம் கணக்கில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதுகிறார், முத்திரை போடுகிறார், சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர் எல்லாரும் பார்க்கிறார்கள். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. பின்னால் யாராவது கேள்வி கேட்டால் முத்திரையை உடைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். உங்கள் சபையில் நிலம் வாங்கி விற்று, பதிவு அலுவலகத்தில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்த ஆட்கள் இருப்பார்கள். இந்தப் பகுதியை நிறுத்தி வாசித்தால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நீங்களே பார்க்கலாம். வில்லங்கம் பிடித்த சொத்து என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போட்டு முடித்தபின்தான் எரேமியா ஜெபிக்கிறார். உம்மாலே ஆகாதது ஒன்றுமில்லை என்று தொடங்குகிற ஜெபம், நகரம் கல்தேயராகிய பாபிலோனியர் கையில் போகப்போகிறதே, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே என்ற திகைப்பில் முடிகிறது. வாங்கிய பிறகும் அவருக்குப் புரியவில்லை. அதற்குப் பதிலாக வருவதுதான் நாம் காலண்டரில் பார்க்கிற வசனம்: "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்று உண்டோ?" அடுத்த இரண்டு வசனங்களைக் காலண்டரில் போடுவதில்லை. இந்த நகரத்தை நான் பாபிலோன் ராஜாவின் கையில் கொடுக்கிறேன், அவர்கள் இதைக் கொளுத்துவார்கள் என்கின்றன அவை. பத்து வசனம் தாண்டிய பிறகுதான், அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு வருவேன் என்ற வார்த்தை வருகிறது. தேவ வல்லமையைப் பற்றிப் பேசுகிற எவரும் 27-ஐயும் 28, 29-ஐயும் 37-ஐயும் சேர்த்தே வாசிக்க வேண்டும். இடையில் இருக்கிற சாம்பலைத் தாண்டிக் குதிக்கிற பிரசங்கம் அந்த அம்மாவுக்கு எதையும் கொடுக்காது.

எரேமியா அந்த நிலத்தில் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. மீந்திருந்தவர்கள் அவரையும் எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் எஸ்றா 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் பெயர்ப் பட்டியல் அது. யாரும் பிரசங்கத்துக்கு எடுக்காத அதிகாரம். 23-ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் நூற்றிருபத்தெட்டுப் பேர். எந்த விளக்கமும் இல்லை, எரேமியாவின் பெயரும் இல்லை. இதை முதலில் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட நடுக்கம் இன்னும் போகவில்லை.

இந்த 32-ஆம் அதிகாரம் ஒரு சிறைக்குள்ளும் வாசிக்கப்பட்டது. ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1943 ஜனவரியில் மரியா என்ற பெண்ணுக்கு நிச்சயமானார். ஏப்ரலில் ஹிட்லரின் அரசு அவரைக் கைது செய்தது. ஆகஸ்டில் பெர்லினின் தேகல் சிறையிலிருந்து மரியாவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தத் தேசத்தில் இனியும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்ற எரேமியாவின் வார்த்தையை எடுத்துக்காட்டி, தங்கள் திருமணமும் அப்படிப்பட்ட விசுவாசத்தின் அடையாளம் என்று எழுதினார். அந்தத் திருமணம் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். எரேமியாவைப் போலவே அவரும் தான் வாங்கிய நிலத்தில் குடியிருக்கவில்லை. வாங்கியது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றாது என்றே நினைக்கிறேன்.

வல்லமை பற்றி இன்னும் ஒன்று. பவுல் கொரிந்துக்குப் போனபோது எப்படி இருந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார்: "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்." அடுத்த வசனத்திலேயே, தன் பிரசங்கம் ஆவியினாலும் பெலத்தினாலும் உறுதிப்பட்டதாயிருந்தது என்கிறார். பீடத்தில் நிற்கும்போது உங்கள் கால் நடுங்குவதைப் பவுல் குறையாகக் கருதமாட்டார். மைக்கில் குரலை உயர்த்துவதில் தவறில்லை. சிலருக்கு அது இயல்பு, அவர்களைக் கர்த்தர் பயன்படுத்தவும் செய்கிறார். உங்களுக்கு இயல்பில்லை என்றால் விட்டுவிடுங்கள். சிலுவையைப் பற்றிய உபதேசம் தேவபெலன் என்றால், தோல்வி போலத் தெரிந்த ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி உள்ளது உள்ளபடி பேசுவதிலேயே அந்தப் பெலன் இருக்கிறது.

சரி, அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? முதலில் போய்ப் பாருங்கள். பீடத்திலிருந்து சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போங்கள். "அம்மா, இந்த ஆண்டு தீமை தொடாது என்று சொன்னது நான். கர்த்தர் அப்படிச் சொல்லவில்லை" என்று சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த வாக்கைக் கர்த்தர் தலையில் சுமத்தி, அவர் ஏமாற்றிவிட்டார் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பாரத்தை இறக்கி வைக்க உங்களால்தான் முடியும். அதற்குமேல் விளக்கம் எதுவும் வேண்டாம். எல்லாம் தேவ சித்தம் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதும்போதும், நம்பிக்கையற்றவர்களைப் போல துக்கப்படாதிருங்கள் என்றுதான் சொன்னார். துக்கமே படாதீர்கள் என்று சொல்லவில்லை.

அவர் கேட்டால் மட்டும் புலம்பல் 3-ஐ வாசியுங்கள். "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை" என்ற 22-இலிருந்து தொடங்காதீர்கள். நான் கூப்பிட்டுக் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்கிற 8-ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள். என் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்கிற 18-ஐயும் சேர்த்து வாசியுங்கள். தன் வாயில் வர மறுத்த வார்த்தைகளை வேதமே முந்திக்கொண்டு சொல்வதைக் கேட்ட பிறகு, 22 அவருக்குள் இறங்கலாம். அன்றைக்கே இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேச வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் பேச வேண்டும். நம் நம்பிக்கை கடைசியில் நிற்பது அதன்மேல்தான். ஆனால் உயிர்த்தெழுந்தவர் தோமாவுக்குக் காட்டியது காயத்தைத்தான் என்பதை விட்டுவிடாமல் பேசுங்கள்.

லெந்து முறையை மறுக்க வேண்டாம். ஆராதனையில் எரேமியா 32:1-15-ஐயும் எஸ்றா 2-இல் அந்த ஒரு வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தின வாரம் 27 முதல் 32 வரை ஒரே மூச்சில், சத்தமாக, வீட்டில் வாசித்துவிடுங்கள். இணை வசனங்களைக் காட்டுகிற ஒத்தவாக்கிய வேதாகமம் இருந்தால் போதும், பெரிய வியாக்கியானப் புத்தகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இருபது நிமிஷத்துக்குமேல் பேசாதீர்கள். பேசி முடித்ததும், அவரவர் கையில் இருக்கிற ஆனதோத் எது என்று யோசிக்க ஒரு நிமிஷம் அமைதியாக விடுங்கள். அப்புறம் ஜெபித்து முடித்துவிடலாம். எப்படி நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்