பண்டாரவளையில் காணி வாங்க முற்பணம் கொடுக்கட்டுமா?

கேள்வி: வணக்கம் அண்ணன். நான் பிறந்தது மஸ்கெலியாவில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். வயது 46. 12 வருடமாக தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். மனைவியையும் பிள்ளைகளையும் முதலில் கண்டிக்கு மாற்றினேன், பிறகு படிப்புக்காக வத்தளைக்கு. எங்கேயும் மனம் ஒட்டவில்லை. வாடகை வீட்டில் சாமி படம் மாட்ட ஆணி அடிக்கக்கூட கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஆகஸ்ட் லீவில் பண்டாரவளை போனோம், எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. 20 பேர்ச்சஸ் காணிக்கு 80 இலட்சம் கேட்கிறார்கள், வீட்டுக்கு 1 கோடி ஆகும் என்கிறார் மேசன் பாஸ். ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் 1 கோடி 20 இலட்சம் நிலையான வைப்பு இருக்கிறது, டொலர் கணக்கில் 20,000 டொலர். மகள் அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள். வீட்டுச் செலவு மாதம் 1 இலட்சத்து 80 ஆயிரம். என் மூத்த அண்ணன் வவுனியாவுக்கு வா என்கிறார், கோத்தகிரிச் சித்தி கோயம்புத்தூரில் வீடு வாங்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, இப்போது முற்பணம் கொடுக்காதீர்கள். பண்டாரவளை வேண்டாம் என்று சொல்லவில்லை, அங்கே போகத்தான் வேண்டும் என்றால் எப்படிப் போவது என்றுதான் பார்க்கப் போகிறேன். நானும் லயத்துக் காம்பராவில் பிறந்தவன். நாலு தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு பேர்ச்சஸ்கூட நம் பெயரில் இல்லாததால், காணி உறுதியில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம் ஆட்களுக்கு எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். அந்த ஆசைதான் நம்மை அவசரப்படுத்துகிறது.

முதலில் கிரஜுவிட்டி, வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை. கட்டார் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளம், அதுவும் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கு. வீட்டுப்படி, சாப்பாட்டுப்படி, ஓவர்டைம் எதுவும் சேராது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 3,500 ரியால் என்று வைத்தால் வருடத்துக்கு 2,450, 12 வருடத்துக்கு 29,400 ரியால், அதாவது 8,000 டொலரைக் கொஞ்சம் தாண்டும். ஒரு டொலரை 300 ரூபாயாக வைத்துக் கணக்குப் பார்த்தால் இது 24 இலட்சம், கையிலிருக்கும் டொலர் 60 இலட்சம், வைப்பு 1 கோடி 20. ஆக மொத்தம் 2 கோடியே 4 இலட்சம். இனிச் செலவு: காணி 80 இலட்சம். முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%, ஆக 3 இலட்சத்து 19 ஆயிரம். இதோடு உறுதி எழுதும் நொத்தாரிசு, நில அளவையாளர் எல்லாம் சேர்த்து மொத்தம் 5 இலட்சம் என்று வையுங்கள். வீடு 1 கோடி. மிச்சம் 19 இலட்சம், உங்கள் வீட்டுச் செலவுக்குப் பத்தரை மாதம். மகள் உயர்தரத்தில் கால் வைக்கும் நேரத்தில், புது வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து மறுபடி ஏஜென்சிக்குப் போன் போடுகிற நிலைமை வந்துவிடும். அப்படித் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், சொல்லவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதைவிட எனக்குக் கவலை, பண்டாரவளையில் என்ன வேலை செய்வீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாதது. அந்தக் குளிரில் வீடுகளுக்கு யாரும் ஏசி போடுவதில்லை. ஆனால் உங்கள் கைத்தொழில் குளிரூட்டலும்தானே. எல்ல என்ற ஊர்ப் பக்கத்து ஹோட்டல்களின் குளிர் அறை, பால் குளிரூட்டும் நிலையம், இறைச்சிக் கடை பிரீசர் என்று வேலை இருக்கலாம். எவ்வளவு இருக்கிறது என்பதை அங்கே போய் நாலு இடத்தில் கேட்டு, மாதம் இவ்வளவு வரும் என்று எழுதிப் பாருங்கள். அம்மாமாருக்காவது தோட்டத்தில் ஊழியர் சேமலாப நிதி என்று ஒன்று கடைசியில் கைக்கு வந்தது. கிரஜுவிட்டி கரைந்துவிட்டால் உங்களுக்கு அதுவும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது.

நீங்கள் பண்டாரவளையைப் பார்த்தது ஆகஸ்டில். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் தென்மேல் மழை கொட்டுகிற அந்த நேரம் பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் வெயில், நல்ல காற்று, யாருக்கும் பிடிக்கும். அங்கே மழை பிடிப்பது ஒக்டோபரிலிருந்து. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின், எல்லாரும் என்.பி.ஆர்.ஓ. என்கிறோமே, அதன் மண்சரிவு அறிக்கை இல்லாமல் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

அடுத்தது உறுதி. சின்னக்கர உறுதியா, அதாவது முழு உரிமையுள்ள தனியார் காணியா, அல்லது அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியா என்று பாருங்கள், அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க வாங்க முடியாது. நான் இதில் அடிபட்டவன். விற்றவர் நல்ல மனிதர் மாதிரித்தான் பேசினார், நான் காணிப் பதிவகத்தில் தேடாமல் முற்பணம் கொடுத்தேன், அதை மீட்க இரண்டு வருடம் அலைந்தேன். 30 வருடத்துப் பதிவை உங்கள் சொந்த நொத்தாரிசு தேடட்டும், விற்பவர் கூட்டிவரும் ஆள் வேண்டாம்.

வைப்பை இந்த வாரமே கவனியுங்கள். இலங்கையில் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒரு ஆளுக்கு 11 இலட்சம் வரைதான். 1 கோடி 20 இலட்சத்தையும் ஒரே நிதி நிறுவனத்தில் வைத்திருக்கிறீர்கள், வட்டி இரண்டு வீதம் கூடக் கிடைக்கிறது என்பதற்காக 12 வருட உழைப்பை இப்படி வைக்கக் கூடாது. முதிர முதிர எடுத்து, ஒரு பகுதியை அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கும் திறைசேரி உண்டியலுக்கும் மீதியைப் பெரிய வங்கிகள் இரண்டு மூன்றுக்கும் மாற்றுங்கள். டொலரைத் தொடாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ஆனது, அந்த வருடம் டொலர் கையில் இருந்த வீடு மட்டும்தான் ஓரளவு மூச்சு விட்டது.

கோயம்புத்தூர் கதையை விடுங்கள். சித்தி போனது, நம் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் என்றால் அவர் இந்தியப் பிரஜை. இலங்கைப் பிரஜை இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வீடு வாசல் வாங்க முடியாது. சித்தியின் பெயரில் வாங்கிப் பிறகு பார்ப்போம் என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். வவுனியாவில் 77, 83 கலவரங்களுக்குப் பிறகு போன நம் சனம் நிறைய உண்டு, உங்கள் அண்ணன் துணை பெரிய விஷயம், வெயிலும் ஏசி வேலையும் உண்டு. மனைவி விரும்பினால் மட்டும் போய்ப் பாருங்கள்.

மனைவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கடிதம் முழுக்க எனக்குப் பிடித்தது, என் மனம் ஒட்டவில்லை என்றுதான் இருக்கிறது. 12 வருடமாக அந்த வீடுகளில் குடியிருந்தது அவர். பிள்ளைகளுக்கு இது மூன்றாவது இடமாற்றம். மகள் சாதாரண தரம் எழுதி முடிக்கும் வரை வத்தளையில் இருக்கட்டும், நீங்களும் அதுவரை வேலையில் இருங்கள். அப்புறம் பண்டாரவளையில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகை வீண்தானே என்று தோன்றும், ஆனால் பிடிக்காத ஊரில் 1 கோடி 85 இலட்சம் மாட்டிக்கொள்வதோடு பார்த்தால் அது சின்னக் காசு. பிடித்தால் 10 பேர்ச்சஸ், மூன்று அறை, எல்லாம் சேர்த்து 1 கோடிக்குள் முடியுங்கள். மற்ற 1 கோடி பிள்ளைகளுக்கும் உங்கள் முதுமைக்கும்.

நவம்பரில் பத்து நாள் லீவு கேளுங்கள். மனைவியோடு அந்தக் காணிக்குப் போய், மழை பெய்யும்போது மேல் வளவுத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று நின்று பாருங்கள், பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, போன மழைக்கு இங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள்.